மூலை கோணலான அட்டை

ஜவ்வாது மலை
ஜனவரி 11

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பி ஜெக்கரியா எழுதிக்கொள்வது. இரண்டு பஸ், ஒரு ஜீப், மிச்சம் நடை என்று ஒரு வழியாய் மலை ஏறிவிட்டேன். நான் சுகம். அங்கே உன் சுகம் எப்படி? நீ கட்டிக்கொடுத்த அதிரசம் ஜீப்பிலேயே பாதி தீர்ந்தது. மீதியைச் சபைப் பிள்ளைகள் தீர்த்தார்கள். உபதேசியாரான என் வீட்டுக்கு வந்தது எது மிஞ்சியிருக்கிறது?

உனக்குப் போனில் காது கேட்காது. எனக்கு இங்கே டவர் கிடையாது. சனிக்கிழமை அரிசி பருப்பு வாங்க அடிவாரம் இறங்கினால்தான் என் போனுக்கு உயிர் வரும். ஆகவே நம் இரண்டு பேருக்கும் தபால்காரரே கதி.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனாயா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நெல் மூட்டையை நகர்த்தும்போது நீ இடது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டதை நான் பார்த்திராவிட்டால் என்னிடமும் சொல்லியிருக்கமாட்டாய். மாரில் நெல்லிக்காய் அளவு கட்டி, ஆறு மாதமாய் இருக்கிறது என்று வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு ஏதோ ஆடு தொலைந்த கதையைப் போலச் சொன்னாய். நர்ஸ் அபிநயா, "சதை எடுத்துப் பாக்கணும்மா, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லியும் நாளாகிறது. உன் மகன் மனோகரனுக்குச் சொல்லக் கூடாது என்று வேறு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், ஒரகடத்தில் அவனுக்குப் புது வேலை, எல்லாம் சரி. அந்தச் சத்தியத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் இங்கே நிம்மதியாய் இருக்கவேண்டாமா?

சபைப் பத்திரிகைக்குப் பொய்த் தீர்க்கதரிசிகளைப் பற்றித் தியானக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எழுதி முதலில் உனக்குத்தான் அனுப்புவேன். அங்கன்வாடியில் முப்பது வருஷம் கதை சொன்னவள் நீ. உனக்குப் புரிந்தால் ஊருக்குப் புரியும்.

பதிலில் 'போய் வந்தேன்' என்று ஒரு வரி இருக்கட்டும்.

உன் தம்பி,
ஜெக்கரியா


பூதலூர் வழி
பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நான் சுகம். நீ கம்பளி போர்த்திக்கொள்கிறாயா, அல்லது அதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா?

சம்பா அறுவடை முடிந்தது. கதிர் சாய்ந்து கிடக்க, அறுப்பு மெஷின்காரன் "நாளைக்கு வர்றேம்மா, நாளைக்கு வர்றேம்மா" என்றே ஒன்பது நாளை ஓட்டினான். அப்புறம் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் நான்கு நாள். இதில் தஞ்சாவூர் எங்கே போவது?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எனக்கு முன்போல் பயம் இல்லை. நம் ஊரில் நீ நடத்தின புத்தாண்டு ஆராதனையில், வருஷத்துக்கு ஒரு வசனம் என்று தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தோமே, நான் எடுத்துக் கொடுத்ததை நீதானே வாசித்தாய்? உன் காயங்களை ஆற்றி உனக்குச் சுகம் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். காது மந்தமான எனக்கே கேட்கும்படி உரக்க வாசித்தாய். அந்த அட்டையைச் சோற்றைப் பிசைந்து அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். வருஷம் முழுக்க எனக்கு அந்த ஒரு வசனம் இருக்கும்போது ஊசியும் கத்தியும் எதற்கு என்று ஒரு மனசு சொல்கிறது. பார்க்கலாம்.

கட்டுரையை அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
கமலவல்லி


ஜவ்வாது மலை
பிப்ரவரி 14

பிரியமான அக்காவுக்கு,

நான் சுகம். கம்பளி என்னிடம்தான் இருக்கிறது, நம்பு.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அட்டையைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அது அச்சடித்த தாள் அக்கா. ஒரு தாளுக்கு நாற்பது வசனம். எது யார் கைக்கு வரும் என்பது... சரி, விடு. வசனம் வசனம்தான், வைத்தியம் வைத்தியம்தான். மழை தருகிறவர் கர்த்தர் என்பதற்காக நீ வாய்க்கால் வெட்டாமல் இருந்ததுண்டா?

கட்டுரையின் முதல் பாகம் இது. எரேமியா தீர்க்கதரிசி ஒரு மர நுகத்தைத் தன் கழுத்தில் பூட்டிக்கொண்டு எருசலேம் முழுக்க நடந்தான். உழுகிற மாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பாரம் தெரியும். பாபிலோன் ராஜாவுக்குக் கீழே நீங்கள் இப்படித்தான் குனியப்போகிறீர்கள் என்பது செய்தி. அப்போது அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து, இரண்டே வருஷம், சிறைப்பட்டுப் போன எல்லாரும் வீடு திரும்புவார்கள் என்றான். எரேமியா என்ன சொன்னான் தெரியுமா? ஆமென், அப்படியே ஆகட்டும் என்றான். அவனுக்கும் அதுதானே ஆசை! சொன்னது நடந்த பிறகே தீர்க்கதரிசி யார் என்று தெரியும் என்று மட்டும் எச்சரித்தான். அனனியா அந்த நுகத்தை அவன் கழுத்திலிருந்து எடுத்து எல்லார் முன்னும் முறித்துப்போட்டான். எரேமியா தன் வழியே போய்விட்டான். பிற்பாடு கர்த்தர் அவனை அனனியாவிடமே திருப்பி அனுப்பினார். மர நுகத்தை முறித்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம் வந்தது என்று சொல்லச் சொன்னார். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்தான்.

படித்துவிட்டுச் சொல். அதற்கு முன்னால் தஞ்சாவூர் போ.

தம்பி,
ஜெக்கரியா


பூதலூர் வழி
மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

சுகமாய் இருக்கிறேன். அங்கே குளிர் விட்டதா? பதில் போடத் தாமதமாகிவிட்டது. உளுந்து எடுக்கிற வேலை.

கட்டுரையை மாதர் சங்கத்தில் வாசித்தேன். எல்லாருக்கும் பிடித்தது. எனக்கு ஒரு சந்தேகம். அனனியா தெரிந்தே பொய் சொன்னானா? இல்லை, பாவம், ஜனங்கள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னானா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

பூதலூர் ரயிலடிப் பக்கம் கூடாரம் போட்டு ஒரு ஐயா மூன்று நாள் ஜெபக்கூட்டம் நடத்தினார். நானும் போனேன். கட்டி உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கினேன். தலையில் கை வைத்து, "கரைஞ்சிடுச்சு, நம்புங்க" என்றார். வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் மனசு லேசாகிவிட்டது.

தஞ்சாவூர் பற்றிக் கேட்பாய். போகவில்லை. சுவரில்தான் வசனம் இருக்கிறதே.

அக்கா,
கமலவல்லி


ஜவ்வாது மலை
ஏப்ரல் 3

அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபத்துக்கு இந்த மலையே போதாது.

யார் அந்த ஆள்? மூன்று நாள் கூடாரம், நாலாம் நாள் அடுத்த ஊர். எசேக்கியேல் தீர்க்கதரிசி இவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான். ஒருவன் ஒப்புக்கு ஒரு சுவர் வைக்கிறான், இன்னொருவன் அதற்குச் சாரமில்லாத சாந்தைப் பூசுகிறான். நம் ஊரில் பொங்கலுக்கு வெடித்த மண்சுவர்மேல் சுண்ணாம்பு அடித்து மூடுவோமே, அதுதான். பார்க்க வெள்ளையாய் இருக்கும். ஐப்பசி மழை வரட்டும். சுவர் விழும்போது பூசினவன் எங்கே இருப்பான்? வேறு ஊரில் வேறு சுவருக்குப் பூசிக்கொண்டிருப்பான். சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லிக் காயத்தின்மேல் பூச்சுப் பூசுகிறவனைவிட, காயம் என்று சொல்லி அழவைக்கிறவன் எவ்வளவோ மேல்!

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அபிநயாவைக் கூட்டிக்கொண்டு போ. சுவரில் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திராதே.

அனனியாவைப் பற்றி நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி,
ஜெக்கரியா


பூதலூர் வழி
மே 30

தம்பிக்கு,

நலம். மனோகரனுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஸ்தோத்திரம். தமிழ்நிலா என்று பேர் வைக்கப்போகிறார்களாம். பேத்தியைத் தூக்கினேன். வலது கையால்தான் தூக்க முடிந்தது.

இடது கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நெல்லிக்காய் இப்போது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

அந்தக் கூடாரத்து ஐயாவைத் திட்டினாய். அவரிடம் நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். யார் வாசித்தது என்று கேட்டார். என் கூடப்பிறந்தவன், உபதேசியார் என்றேன். "உங்க தம்பி வாயாலயே வந்துடுச்சேம்மா, இன்னும் என்ன வேணும்?" என்றார். அவர் தன் வார்த்தையை நம்பச் சொல்லவில்லை. உன் வார்த்தையைத்தான் நம்பச் சொன்னார்.

வெயில் கொடுமையாய் இருக்கிறது. மோர் குடி. மனோகரனிடம் எதுவும் சொல்லிவிடாதே. பச்சைப் பிள்ளை வீடு.

அக்கா


ஜவ்வாது மலை
ஜூன் 8

அக்கா,

சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நீ எடுத்த அட்டை அதுவல்ல.

ஊழியக்காரன் முதலில் தன் அட்டையை எடுத்து, வாசிக்காமல் வைத்திருந்து கடைசியில் வாசிப்பது வழக்கம். நானும் எடுத்து, ஒரு தரம் பார்த்துவிட்டுத் தட்டுக்கு அடியில் பிடித்திருந்தேன். சுகம் தருவேன் என்கிற வசனம் எனக்கு வந்தது. ஒரு காய்ச்சல்கூட இல்லாத எனக்கு! அப்புறம் நீ வந்தாய். எடுத்து என்னிடம் நீட்டினாய். அதில் இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நீ கட்டியைப் பற்றிச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன் முகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உன் அட்டையைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் அட்டையை உன்னுடையது என்று வாசித்தேன். அத்தனை உரக்க வாசித்தது உன் காதுக்காக அல்ல, என் நடுக்கத்தை மறைக்க. கடைசியில், நேரமாகிவிட்டது என்று சமாளித்து, என் அட்டையை வாசிக்காமலே ஆசீர்வாதம் கூறி முடித்தேன்.

அனனியாவைப் பற்றிக் கேட்டாயே. தெரிந்தேதான் சொன்னான். ஜனங்கள் அழுவதைச் சகிக்காமலும்தான் சொன்னான். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். கூடாரத்துக்காரன் மூன்று நாளில் போய்விட்டான். ஆறு மாதமாய் உன் அடுப்பங்கரையில் நின்று பேசிக்கொண்டிருப்பவன் நான். பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பவில்லை. இனி அனுப்பவும் மாட்டேன்.

சத்தியத்தையும் மீறிவிட்டேன். இன்று அடிவாரம் இறங்கி மனோகரனிடம் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நாளை வருவான். அட்டை விஷயத்தை அவனிடம் சொல்லத் தைரியம் இல்லை. அவனோடு போ. அந்தச் சுவரில் இருப்பதைக் கிழித்துப்போடு. என்னைத் திட்டி எழுது.

ஜெக்கரியா


ஜவ்வாது மலை
ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இது நான் எழுதுகிற நாலாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மனோகரன் போனில் எல்லாம் சொன்னான். புற்றுதான் என்றும், பரவியிருப்பதால் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுத்தான் அறுவை என்றும், இரண்டாம் தரம் ஏற்றியாயிற்று என்றும் சொன்னான். ஜனவரியிலேயே வந்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் புறப்பட்டு வரட்டுமா என்று கேட்டேன். "அம்மா சொல்லட்டும் மாமா. உங்களப் பத்திப் பேச்செடுத்தாலே திரும்பிப் படுத்துக்குறாங்க" என்றான்.

வா என்று நீ ஒரு வார்த்தை சொல்லாமல் எந்த முகத்தோடு வருவேன்? வேண்டாம் என்றாவது எழுது.

தம்பி


தஞ்சாவூர்
செப்டம்பர் 9

தம்பி ஜெக்கரியாவுக்கு,

இருக்கிறேன். முடி போய்விட்டது. நாக்கில் ருசி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மனோகரன் ஒரு அறை பார்த்திருக்கிறான். குறுவை அறுப்பைக் குத்தகைக்காரரிடம் விட்டுவிட்டேன்.

உன் கடிதங்களெல்லாம் வந்தன. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாய் இருந்தது.

அட்டை மாறியது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்தத் தாள்களை வாங்கி அட்டையாக வெட்டியது நான்தானே. ஒன்றில் கத்தரிக்கோல் நழுவி மூலை கோணலாகிவிட்டது. இதை யாரும் எடுக்கமாட்டார்களே என்று தட்டில் தேடி அதையே எடுத்தேன். கண்ணாடி கொண்டுபோகாததால் அதில் இருந்ததைப் படிக்கவில்லை. நீ வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அட்டைக்கு நாலு மூலையும் நேராய் இருந்தது. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. ஏன் மாற்றினாய் என்று உன்னைக் கேட்கவில்லை. நீ சொன்னதே எனக்கு வேண்டியிருந்தது. கர்த்தரே உன் கையைப் பிடித்து மாற்றினார் என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை மாதமும் அதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன்.

உன் கட்டுரையில் ஆகாப் ராஜாவை விட்டுவிட்டாய். நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாய், போருக்குப் போ, ஜெயிப்பாய் என்றார்கள். மிகாயா ஒருவன்தான் சாவாய் என்றான். அவனைச் சிறையில் போட்டுவிட்டு ராஜா போனான். எப்படிப் போனான்? ராஜ உடையைக் கழற்றி வைத்துவிட்டு, மாறுவேஷம் போட்டுக்கொண்டு போனான். நானூறு பேரை நம்பினவனுக்கு மாறுவேஷம் எதற்குத் தம்பி? அவனுக்குத் தெரியும். நானும் வசனத்தைச் சுவரில் ஒட்டின கையோடு என் பட்டுப்புடவையை மடித்து, மருமகள் பேர் எழுதிப் பெட்டியில் வைத்தேன்.

ஆகையால் பழி முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே. பாதி என்னுடையது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல். கோணல் மூலை அட்டையில் என்ன இருந்தது? முடிந்தால் அதையே அனுப்பு.

கமலவல்லி


ஜவ்வாது மலை
செப்டம்பர் 18

அக்காவுக்கு,

சுகம். நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடமாடுகிறேன்.

அந்த அட்டை என்னிடம் இல்லை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயந்து வாய்க்காலில் போட்டுவிட்டேன். தண்ணீர் நிறைய ஓடியது. மதகைத் தாண்டிப் போய்விட்டது.

ஆனால் அதில் இருந்தது எனக்கு மறக்கவில்லை. நீ தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், ஆறுகள் உன்மேல் புரளாது என்கிற வசனம். இதற்கா பயந்தாய் என்று கேட்பாய். கடக்கவே வேண்டாம் என்று அது சொல்லவில்லையே அக்கா. நீ தண்ணீரில் இறங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை.

இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது. இதுவும் ஆறுதலான வசனம்தான். உன்னைத் தேற்ற நானே இப்போது பொறுக்கி எடுத்து எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். இல்லை என்று காட்ட என்னிடம் அந்த அட்டையும் இல்லை. ஒரு தரம் மாற்றினவன் உண்மையைச் சொன்னாலும் அது பொய்யைப் போலத்தான் இருக்கிறது. சத்தியம் பண்ணலாம் என்றால் உனக்குப் பண்ணின சத்தியத்தையும் மீறினவன் நான்.

உன் தம்பி,
ஜெக்கரியா


தஞ்சாவூர்
செப்டம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

பரவாயில்லை. நேற்று ரசம் சாதம் கொஞ்சம் இறங்கியது. பேத்தி என் மொட்டைத் தலையைத் தடவிச் சிரிக்கிறாள்.

நீ எழுதியதை நம்புவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தெரியவில்லை. அட்டை வாய்க்காலோடு போனது. நீ சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் எட்டாம் தேதி காலை அறுவை. எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். இதயம் கொஞ்சம் பலவீனமாம். "பாத்துக்கலாம்மா" என்கிறார் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் முகத்தைப் போல இருந்தது.

எனக்கு இனி வசனம் எழுதி அனுப்பாதே. நீ வா. அட்டையில் கூட இருப்பேன் என்றுதான் இருந்தது என்றால், நீ வந்து கூட இரு. அந்தக் கதவுக்கு முன்னால் உன்னைப் பார்த்தேனென்றால் நீ சொன்னது மெய்யென்று எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.

உன்னை வரச் சொன்னதை மனோகரனிடம் சொல்லவில்லை. இது நம் இருவருக்குள் இருக்கட்டும். கம்பளி எடுத்து வா, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரக்காற்று அடிக்கிறது.

உன் அக்கா,
கமலவல்லி


ஜவ்வாது மலை
அக்டோபர் 12

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது.

ஒன்றாம் தேதி பிடித்த மழை. மூன்றாம் தேதி பாதை இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. ஜீப் இல்லை, தபால் இல்லை, போன சனிக்கிழமை அடிவாரம் இறங்கவும் முடியவில்லை. இன்று காலை தபால்காரர் முழங்கால் சேற்றோடு நடந்தே ஏறி வந்து, பத்து நாள் தபாலைச் சேர்த்துக் கொடுத்தார். உறையைப் பிரித்து, 'செவ்வாய்க்கிழமை' என்று படித்தேன். செவ்வாய்க்கிழமை போய் நாலு நாள் ஆகிறது.

அன்றைக்கு எட்டு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஆலயத்தின் ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். நீ கதவுக்கு முன்னால் படுத்தபடி என்னைத் தேடியிருப்பாய். வரவில்லை என்று கண்டதும் என்ன நினைத்திருப்பாய்? அதுவும் பொய்தான் என்றுதானே உள்ளே போயிருப்பாய்?

பொய் இல்லை அக்கா. மூலை கோணலான அட்டையில் அதுதான் இருந்தது.

கம்பளியை எடுத்துக்கொண்டேன். இப்போது நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் அடிவாரம். அங்கே இறங்கியதும் போனுக்கு உயிர் வரும். மனோகரன் என்ன சொல்லியிருக்கிறான் என்று அதில் வந்திருக்கும். அதைப் பார்க்க எனக்குக் கை வரவேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சட்டைப் பையில் வைத்து நானே கொண்டுவருகிறேன். உன்னிடம் கொடுப்பதா, வேறு யாரிடம் கொடுப்பதா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கடிதம் என்றால் முதல் வரியில் கேட்கவேண்டியதைக் கேட்கப் பயந்து, கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா, நீ சுகமா?